கேளுங்க சொல்றேன்: லீவுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி குதிகாலை கொஞ்சம் கவனிங்க

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பித்தவெடிப்பு பத்தி தான். ஏப்ரல் வந்தாலே இப்படித்தான், பிள்ளைங்களுக்கு பரீட்சை முடியும், டிக்கெட் போட்டுடுவோம், அதுக்கப்புறம் தான் குனிஞ்சு நம்ம குதிகாலையே பாப்போம். அதனால இந்த இதழ் முழுக்க கால் தான், முடி கொட்டுதுன்னு எழுதினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கேள்வி: நான் ஜவுளிக்கடையில பட்டு செக்‌ஷன்ல இருக்கேன். காலையில கடை திறந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுட்டே தான் இருக்கணும். ரெண்டு குதிகாலும் வெடிச்சு கிடக்கு, சில நாள் ரத்தமும் கசியுது. மெத்தையில விரிச்சு வச்ச பட்டுச்சேலை மேல கால் பட்டா நூல் மாட்டி இழுத்துடுமோன்னு பயந்து பயந்து நடக்குறேன். மே கடைசியில குடும்பத்தோட ராமேஸ்வரம் போறோம், 22 தீர்த்தமும் ஆடணும்னு மாமியாருக்கு வேண்டுதல். அதுக்குள்ள சரியாகுமா அக்கா? (காஞ்சிபுரம் வாசகி)

சரியாகும்மா, ஒரு மாசத்துக்கு மேல டைம் இருக்கு, தாராளமா போதும். போன மாசம் எழுதியிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன், பரவால்ல.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், கல்லை வச்சு பரபரன்னு தேய்க்கிறதை இன்னைக்கே நிறுத்துங்க. நம்ம ஊர்ல பித்தவெடிப்புன்னாலே ஏதோ அழுக்கு சேர்ந்துடுச்சு தேய்ச்சு எடுக்கணும்னு ஒரு நினைப்பு. அழுக்கு வெடிப்புக்குள்ள போய் உக்காந்துக்கிறது அப்புறம் நடக்குறது, வெடிப்பு வர்றதுக்கு காரணம் அது இல்ல. உள்ளங்கால்ல எண்ணெய் சுரப்பி ஒண்ணு கூட கிடையாது, வேர்வை சுரப்பி மட்டும் தான். உள்ளங்கையை விட்டா உடம்புல மத்த இடமெல்லாம் பெரும்பாலும் தானே எண்ணெய் விட்டுக்கும், இங்க அந்த வசதி இல்ல. அது போக நாம நிக்கும்போது குதிகாலுக்குள்ள இருக்கிற கொழுப்பு நசுங்கி பக்கவாட்டுல பிதுங்கும், மேல இருக்கிற தோல் ஈரப்பதமா இருந்தா கூடவே இழுபடும், காஞ்சு கெட்டியா இருந்தா இழுபட முடியாம வெடிச்சிடும். வெடிப்பெல்லாம் நடுவுல வராம ஓரத்துல வளையமா வர்றது இதனால தான். நாள் பூரா நிக்கிறவங்க, வெயிட் கூட இருக்கிறவங்க, பின்னாடி வார் இல்லாத செருப்பு போடுறவங்க, இவங்களுக்கு அதிகமா வர்றதுக்கும் இதே காரணம் தான். நீங்க கல்லால வெறியா தேய்க்க தேய்க்க, யாரோ நம்மள உரசுறாங்கன்னு உடம்பு இன்னும் கெட்டியா தோலைப் போட ஆரம்பிச்சிடும், ரெண்டு வாரத்துல பழையபடி தான்.

இப்போ ரத்தம் கசியுற இடம் இருக்குன்னு சொல்றீங்க, அதனால முதல் வாரம் தேய்க்கவே வேண்டாம், மருந்து கிரீமும் வேண்டாம், எரியும். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் காலை வைங்க, கொதிக்கிற தண்ணி இல்ல, ஷாம்பூ டெட்டால் எதுவும் ஊத்த வேண்டாம். எடுத்து ஒத்தி தொடைச்சிட்டு, ஈரம் முழுசா காயுறதுக்குள்ள வாசலின் மாதிரி பெட்ரோலியம் ஜெல்லி ஏதாவது ஒண்ணை கெட்டியா அப்பி, பழைய காட்டன் சாக்ஸ் போட்டுட்டு படுங்க. இந்த 'ஈரம் காயுறதுக்குள்ள'ங்கிறது தான் மொத்த வைத்தியமும், ஏன்னா ஜெல்லி தண்ணி தராது, இருக்கிற தண்ணியை வெளிய விடாம அடைச்சு மட்டும் தான் வைக்கும், காஞ்ச கால்ல போட்டா காஞ்சதை தான் அடைச்சு வைக்கும். ரொம்ப ஆழமான வெடிப்புக்கு பகல்ல ரெண்டு பக்கமும் சேர்த்து பிடிச்சு குறுக்கால பிளாஸ்டர் ஒட்டிக்கோங்க, வாய் திறந்து திறந்து மூடாம இருந்தாலே அது பாதி ஆறிடும்.

வெடிப்பு மூடினதும் மெடிக்கல்ல யூரியா கிரீம் கேளுங்க. தினமும் போட 10% போதும், தோல் தடிமனா இருந்தா 20, 25%. 40% ஒண்ணு இருக்கு, அதை டாக்டர் சொல்லாம தொடாதீங்க. யூரியான்னதும் வயலுக்கு போடுற உரமான்னு நிறைய பேர் மூஞ்சியை சுளிப்பாங்க, நம்ம தோலுக்குள்ளயே இயற்கையா இருக்கிற சமாச்சாரம் தான் அது, தண்ணியை பிடிச்சு வச்சுக்கும், தடிமனான தோலை மெதுவா இளக்கும். கிரீம் மேல ஜெல்லி, அதுக்கு மேல சாக்ஸ். இந்த கட்டத்துல வாரத்துக்கு ரெண்டு தடவை, ஊறின கால்ல, பீர்க்கங்காய் நார் வச்சு ஒரே பக்கமா லேசா தேய்க்கலாம், முன்னும் பின்னுமா மரம் அறுக்கிற மாதிரி வேண்டாம்.

ஜெல்லி பிடிக்கலைன்னா விளக்கெண்ணெய் போடுங்க, கெட்டியா நிக்கும். தேங்காய் எண்ணெய் நல்லது தான், ஆனா சாக்ஸ்லயும் பெட்ஷீட்லயும் பாதி போயிடும். மெழுகுவர்த்தியை எண்ணெயில உருக்கி பூசுற பாட்டி வைத்தியமும் இதே அடைச்சு வைக்கிற வேலை தான் செய்யுது, தப்பில்ல, சூடு நல்லா ஆறினப்புறம் பூசுங்க.

வேலை இடத்துல முடிஞ்சா பின்பக்கம் வார் இருக்கிற மெத்துன்னு செருப்பு போடுங்க. பட்டு மெத்தை மேல ஏறும்போது செருப்பு ஆகாது, அங்க மெல்லிசா ஒரு காட்டன் சாக்ஸ் போட்டுக்கோங்க, நூலும் மாட்டாது, கிரீமும் சேலையில ஒட்டாது. இன்னொண்ணு, கடையில வேலை செய்யுறவங்களுக்கு உக்கார நாற்காலி கொடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டம் போட்டாச்சு, வியாபாரம் இல்லாத நேரத்துல உக்காருங்க. உக்காந்தா முறைக்கிற சூப்பர்வைசருக்கு இந்த பக்கத்தை காட்டுங்க, என் பேரைச் சொல்லிக்கலாம்.

இனி ராமேஸ்வரம். முதல்ல அக்னி தீர்த்தம், அதாவது கடல். ஆறாத வெடிப்புல உப்புத்தண்ணி பட்டா சுரீர்னு இருக்கும், அதுக்காக தான் முன்னாடியே மூடிடணும்னு சொல்றேன். அப்புறம் கோயிலுக்குள்ள ஒவ்வொரு கிணறா வாளியில இறைச்சு தலையில ஊத்துவாங்க, நனைஞ்ச துணியோட வெறுங்கால்ல ஈரக் கல்லு மேல நடந்துக்கிட்டே இருக்கணும். அன்னைக்கு காலையில தயவுசெஞ்சு கால்ல எண்ணெய், கிரீம், ஜெல்லி எதுவும் போடாதீங்க, அந்த கல்லுல வழுக்கும், முக்கியமா மாமியாருக்கு போட்டு விட்டுடாதீங்க. முதல் நாள் ராத்திரி போட்டது போதும். எல்லாம் முடிஞ்சு துணி மாத்தும்போது விரல் இடுக்கு வரைக்கும் தொடைங்க, ரூமுக்கு வந்து நல்ல தண்ணியில கழுவிட்டு கிரீம் போடுங்க. தனுஷ்கோடியில மணல் சுடும், அங்க செருப்பை கழட்டாதீங்க, தண்ணிக்கிட்ட போய் கழட்டிக்கலாம்.

கேள்வி: ஆன்லைன்ல சாக்ஸ் மாதிரி ஒரு ஃபுட் மாஸ்க் விக்குது, போட்டா தோல் முழுக்க உரிஞ்சு குழந்தை கால் மாதிரி ஆயிடுமாம். அஞ்சு நாள்ல கொடைக்கானல் கிளம்புறோம், வாங்கலாமா? (திருப்பூர் வாசகி)

வேண்டவே வேண்டாம். அதுல இருக்கிறது பழ ஆசிட், உரியவே நாலஞ்சு நாள் கழிச்சு தான் ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் ஒரு வாரம் பத்து நாள் பாம்பு சட்டை மாதிரி உரிஞ்சுக்கிட்டே இருக்கும். கணக்கு போட்டு பாருங்க, கரெக்டா போட்டிங் போற அன்னைக்கு உங்க கால் பாக்க சகிக்காது. வெடிப்பு இருந்தா எரியவும் செய்யும், சுகர் இருக்கிறவங்க தொடவே கூடாது. அஞ்சு நாள்ல முடியுறது மேல சொன்ன ஜெல்லியும் சாக்ஸும் தான், வெடிப்பு போகாது, ஆனா மெத்துன்னு ஆகும், வலி குறையும். கொடைக்கானல் குளிர்ல எப்படியும் ஷூ தானே போடப்போறீங்க, யாரு பாக்கப்போறா!

கேள்வி: அப்பாவுக்கு 15 வருஷமா சுகர். சித்ரா பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம் வெறுங்கால்ல தான் போவேன்னு அடம் பிடிக்கிறார். குதிகால்ல வெடிப்பு இருக்கு, ஆனா வலியே இல்லைங்கிறார். போகட்டுமா? (வேலூர் வாசகர்)

அந்த 'வலியே இல்ல'ங்கிற வார்த்தை தான் தம்பி எனக்கு பயமா இருக்கு. வெடிப்புன்னா வலிக்கணும். வலிக்கலைன்னா சுகர்னால நரம்பு மரத்துப் போயிருக்கலாம், அதே நரம்பு பாதிப்பு கால்ல வேர்வையையும் குறைச்சிடும், அதனால தான் அவங்களுக்கு கால் அவ்வளவு காயுது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், ராத்திரியே நடந்தாலும் சித்திரை வெயில்ல பகல் பூரா காஞ்ச தார் ரோடு, அதுல சின்ன கல்லு குத்தினா கூட அப்பாவுக்கு தெரியாது, வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு சீழ் வச்சப்புறம் தான் தெரியும். பகல்ல கோயில் பிரகாரத்து கல்லுல நடந்து உள்ளங்கால் கொப்புளிச்சதே தெரியாம வர்ற சுகர் பேஷண்ட்டுங்களை நான் ஒவ்வொரு கோடையிலயும் பாக்குறேன்.

போறதுக்கு முன்னாடி ஒரு நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, மெல்லிசா நைலான் நூல் மாதிரி ஒண்ணை வச்சு கால்ல அங்கங்க அழுத்தி உணர்ச்சி இருக்கான்னு பாப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை. உணர்ச்சி குறைவுன்னா வெறுங்கால் நடை கிடையாதுன்னு உறுதியா சொல்லிடுங்க. சுகர் பேஷண்ட்டுக்குன்னே எம்சிஆர் செருப்பு இருக்கு, மெத்துன்னு, பின்னாடி வார் வச்சது, அதைப் போட்டுட்டு நடக்கட்டும், இல்லைன்னா ஆட்டோவுல சுத்தட்டும். அருணாசலேஸ்வரர் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்.

வீட்ல வெந்நீர்ல கால் வைக்க விடாதீங்க, சூடு தெரியாம வெந்துடும். பிளேடு, கல், ஆணிக்கு ஒட்டுற கார்ன் கேப் எதுவும் வேண்டாம். யூரியா கிரீம் தினமும் போடலாம், விரல் இடுக்குல மட்டும் போடக்கூடாது, அங்க ஈரம் தேங்கினா பூஞ்சை வரும். தினம் ராத்திரி உள்ளங்காலை நீங்களே டார்ச் அடிச்சு பாருங்க. அவருக்கு குனிய முடியாது, பாத்தேன்னு பொய் சொல்லுவார்.

கேள்வி: எலுமிச்சம்பழமும் சமையல் சோடாவும் கலந்து தேய்ச்சா வெடிப்பு போயிடும்னு யூடியூப்ல சொல்றாங்களே? (கோவை வாசகி)

நுரை பொங்கும், பாக்க நல்லா இருக்கும், அவ்வளவு தான். எலுமிச்சை வெடிப்புல எரியும், சோடா இன்னும் காய வைக்கும். ரெண்டையும் சேர்த்து சர்பத் போட்டு குடிச்சுக்கோங்க.

கேள்வி: எனக்கு வலது கால் மட்டும் உள்ளங்கால் முழுக்க காஞ்சு, ரேகையெல்லாம் வெள்ளையா மாவு பூசின மாதிரி இருக்கு, சில சமயம் அரிக்குது. கட்டைவிரல் நகமும் மஞ்சளா தடிச்சிருக்கு. எந்த வெடிப்பு கிரீமுக்கும் கேக்கலை. (நாகர்கோவில் வாசகர்)

கேக்காது சார், ஏன்னா நீங்க சொல்றதை பாத்தா அது வெறும் வறட்சி மாதிரி தெரியல, படர்தாமரை கால்ல வந்தா இப்படித்தான் இருக்கும். ஒரு கால்ல மட்டும், ரேகையில மாவு, கூடவே நகம், மூணும் சேர்ந்தா முதல்ல பூஞ்சைன்னு தான் சந்தேகப்படணும். தோல் டாக்டர் லேசா சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பாத்தா தெரிஞ்சிடும். நகத்துக்கும் பரவியிருந்தா சில மாசம் மாத்திரை போட வேண்டி வரலாம். அதுவரைக்கும் ஒரு விஷயம் மட்டும் செய்யாதீங்க, மெடிக்கல்ல போய் அரிப்புக்கு ஏதாவது கொடுங்கன்னு கேட்டு ஸ்டீராய்டு கலந்த ட்யூபை வாங்கி போடாதீங்க, ரெண்டு நாள் அரிப்பு நிக்கும், உள்ள பூஞ்சை சுகமா பரவும், அப்புறம் எங்களுக்கே கண்டுபிடிக்க கஷ்டமாயிடும். லீவுக்கு போற ஹோட்டல்ல வெறுங்கால்ல பாத்ரூம் போகாதீங்க, உங்க துண்டை வீட்ல யாருக்கும் கொடுக்காதீங்க.

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு பார்லர்ல பெடிக்யூர் பண்ணலாம்னு இருக்கேன். அங்க பிளேடு வச்சு சீவி விடுறாங்க, உடனே வழவழன்னு ஆயிடுது. பண்ணலாமா? (திருச்சி வாசகி)

பெடிக்யூர் பண்ணுங்க, பிளேடுக்கு மட்டும் வேண்டாம்னு உக்காரும்போதே சொல்லிடுங்க. கொஞ்சம் ஆழமா போனா ரத்தம், அந்த பிளேடு இதுக்கு முன்னாடி யார் காலுல போச்சுன்னு உங்களுக்கு தெரியாது, மஞ்சள் காமாலை பி வைரஸ் கூட இப்படி ரத்தம் பட்ட பிளேடு வழியா பரவலாம். டப்பை கழுவுறாங்களா, கருவியை கண்ணு முன்னாடி கவர்ல இருந்து பிரிக்கிறாங்களான்னு பாருங்க, கூச்சப்படாம கேளுங்க, காசு நீங்க தானே கொடுக்குறீங்க. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே பண்ணிடுங்க, அதுக்கு அடுத்த நாள் மருதாணி. இலையை அரைச்சு வைக்கிறதுன்னா பெரும்பாலும் பயமில்ல, உடனே கருப்பா பிடிக்கும்னு கோன்ல விக்குறாங்களே அதை மட்டும் தொடாதீங்க, தலைக்கு அடிக்கிற டை கலந்திருக்கும், மேடையில நிக்கிற அன்னைக்கு கால் கொப்புளிச்சு போய் நிப்பீங்க.