பழைய ராலே சைக்கிளில் 28 டயர் ஏன் ஏறவில்லை

தாத்தாவின் பழைய ராலே சைக்கிளுக்கு 28 டயர் வாங்கினேன், ரிம்மில் ஏறவில்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ராடு பிரேக் (ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்) உள்ள அந்த ராலேவுக்கு வேண்டியது 28 x 1½ அங்குல டயர்; ஓரத்தில் 40-635 என்று இருக்கும். 40 டயரின் அகலம், 635 டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கும்பகோணத்தில் "28" என்று மட்டும் கேட்டு வாங்கியதால், அநேகமாகக் கியர் சைக்கிளின் 622 டயர் வந்திருக்கிறது. அதிலும் 28 என்று போட்டிருப்பார்கள், ஆனால் விட்டம் 13 மில்லிமீட்டர் குறைவு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், டியூப்தான் கிழியும்.

டயரின் கம்பி உட்காரும் இடத்தில் தையல்கார டேப்பை ரிம்மோடு சுற்றிப் பாருங்கள். 199, 200 சென்டிமீட்டர் வந்தால் 635தான். 185 வந்தால் உங்களுடையது 26 x 1⅜, வேறு டயர்.

புல்லுக்கட்டு ஏற்றும் சைக்கிள்களுக்கும் இதே 28 x 1½தான். அதனால் பெரிய ஷோரூமை விட ஊர்ப் பஞ்சர் கடையில் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: ரிம்மின் உள்விளிம்பில் துரு செதில் செதிலாக நின்றால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் புது டயரை மாட்டவே வேண்டாம். தேய்க்கும்போது ஓட்டை விழுந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும்.