வாலாஜா ரோட்டுக்கு நாலு டிக்கெட்

கவுன்ட்டர் அக்கா பதில்கள்

(33 வருடம் ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் இருந்து ஓய்வு பெற்று, ராயபுரம் கல்மண்டபத்தில் குடியிருக்கும் அக்கா, இந்த இதழில் ஊர் சுற்றும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அக்கா, வீட்டுக்காரர் காசிமேட்டில் வலை பின்னுகிறார். காலாண்டு லீவில் எங்காவது பழைய கோட்டை இருக்கிற ஊருக்குக் கூட்டிப் போ என்று பிள்ளைகள் ரெண்டும் உயிரை எடுக்கிறார்கள். தஞ்சாவூர், மதுரை என்றால் ரூம் வாடகையே கையைக் கடிக்கும். 2,000 ரூபாய்க்குள் நாலு பேர் போய்வர ஊர் உண்டா?
– வாசகி, காசிமேடு

இருக்கும்மா. வாலாஜா ரோட்டுக்கு நாலு டிக்கெட் எடு, மீதியை நான் சொல்றேன்.

நான் கவுன்ட்டர்ல இருந்த காலத்துல ஒரு பெரியவர் மாசத்துக்கு ஒருதரம் வருவார். மூக்குக் கண்ணாடியில ஒரு பக்கக் கம்பி போயிருக்கும், அதுக்குப் பதிலா நூல் கட்டி காதுல மாட்டியிருப்பார். சில்லறையைச் சரியா எண்ணி உள்ளே தள்ளிட்டு, "வாலாஜா ரோடு ஒரு ரிட்டன்"ம்பார். காட்பாடி கேக்கிறவங்க, ஜோலார்பேட்டை கேக்கிறவங்க வரிசை கட்டி நிப்பாங்க. வாலாஜா ரோடுன்னா எனக்கு அவர் முகம்தான். ஒருநாள் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்துல கேட்டுட்டேன்: "அங்க இன்னா தாத்தா இருக்கு?"

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? நம்ம ராயபுரத்துலேர்ந்து மொத ரயிலு போனதே அங்கதான்" என்றார்.

எனக்கு வெட்கமாப் போச்சு. ரயில்வேகிட்ட சம்பளம் வாங்குறவ நான். வெளியாள் வந்து சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. அடுத்த மாசம் அவர் கவுன்ட்டர் ஓட்டை வழியா ஒரு பொட்டலத்தையும் தள்ளினார். உள்ளே ஆற்காடு மக்கன் பேடா. கையெல்லாம் பாகு, அன்னிக்கு வித்த டிக்கெட் எல்லாம் பிசுபிசுன்னுதான் போயிருக்கும்.

அவர் சொன்னது நெசம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ராயபுரத்துலேர்ந்து கிளம்பி வாலாஜா ரோட்டுல போய் நின்னுச்சு. பம்பாய்–தானே 1853, ஹவுரா–ஹூக்ளி 1854, அதுக்கடுத்தது நம்ம வண்டிதான். மேற்குக் கடற்கரை வரைக்கும் போட நினைச்ச பாதையில இது முதல் துண்டு. இன்னிக்கு அந்தப் பாதையில எத்தனையோ வண்டி ஓடுது, வாலாஜாவுல இறங்கி ஊர் பார்க்கணும்னு யாரும் பையைத் தூக்கிக்கிட்டு எழுந்திருக்கிறதில்லை. அதனாலதான் அந்தப் பக்கமெல்லாம் இன்னும் செலவில்லாம இருக்கு.

வியாசர்பாடி ஜீவாவுலயோ பெரம்பூர்லயோ அரக்கோணம் எலக்ட்ரிக் ரயிலைப் பிடி. அரக்கோணத்துல மாறி, காட்பாடி பக்கம் போற வண்டியில வாலாஜா ரோடு. எந்த வண்டி அங்க நிக்குதுன்னு முந்தின நாளே பார்த்துக்கோ. ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் கொஞ்சம் தூரம், பஸ் பிடிச்சு ராணிப்பேட்டை வழியா பாலாத்தைத் தாண்டினா ஆற்காடு. நகரப் பேருந்தா பார்த்து ஏறினா உனக்கு டிக்கெட்டே கிடையாது, வீட்டுக்காரர்தான் காசு கொடுக்கணும்.

ஆற்காடு கர்நாடக நவாபுகளோட தலைநகரமா இருந்த ஊர். நம்ம சேப்பாக்கம் அரண்மனை, வாலாஜா சாலை எல்லாம் அந்த வம்சத்து முகமது அலி வாலாஜாவோட ஞாபகம்தான். வாலாஜாபேட்டைக்கும் அவர் பேர்தான். 1751-ல ராபர்ட் கிளைவ் ஒரு சின்னப் படையோட வந்து ஆற்காட்டுக் கோட்டையைப் பிடிச்சுக்கிட்டு, 50 நாள் முற்றுகையில உள்ளேயே கிடந்து தாக்குப்பிடிச்சான். வெள்ளைக்காரன் இங்க காலூன்றினதுல அந்த 50 நாளுக்குப் பெரிய பங்கு உண்டு.

முன்னாடியே சொல்லிடறேன், அந்தக் கோட்டை இப்ப இல்லை. ஆத்தங்கரைப் பக்கம் டெல்லி கேட்டுன்னு ஒரு வாசல் மட்டும் நிக்குது. என் பேரனைக் கூட்டிட்டுப் போனப்ப, "கோட்டை எங்க ஆயா?"ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான். அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் வாசல் உள்ளே பூந்து அந்தப் பக்கம் ஓடி, திரும்பி வந்து, "டெல்லி போய்ட்டு வந்துட்டேன்"னான். பதினஞ்சு தடவையாவது டெல்லி போயிருப்பான். உன் பிள்ளைங்களும் அப்படித்தான் பண்ணும், விடு.

அதே ஊர்ல திப்பு மஸ்தான் அவுலியா தர்கா இருக்கு. திப்பு சுல்தானுக்கு அந்தப் பேர் வெச்சதே இந்த அவுலியா ஞாபகமாத்தான். பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லு.

திரும்பும்போது மக்கன் பேடா வாங்காம வராதே. பார்க்கக் குலோப் ஜாமூன் அண்ணன் மாதிரி இருக்கும். பிட்டுப் பாரு, உள்ளே முந்திரி, பிஸ்தான்னு பருப்பு வகை பொதிஞ்சிருக்கும். போன தடவை நானும் மகளும் போய்வர மொத்தச் செலவு 640 ரூபாய். அதுல பேடா மட்டும் 200.

வேலூர் என்றாலே எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிதான். அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க நாலு முறை போய்விட்டேன். அங்கே வேறு என்ன இருக்கிறது?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

தம்பி, நாலு முறை போயும் ரோட்டைத் தாண்டலையா? அம்மா சௌக்கியமா இருந்தா அஞ்சாவது முறை சும்மா போய்ட்டு வா.

வேலூரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு: மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். இதுல கடைசி ஒண்ணு 1981-ல பொய்யாப் போச்சு. கோட்டைக்குள்ள இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில்ல ரொம்ப காலம் பூஜையே கிடையாது. ஆயுதக் கிடங்கா வெச்சிருந்தாங்க. சத்துவாச்சாரியில இருந்த லிங்கத்தை அந்த வருஷம் கொண்டு வந்து உள்ளே வெச்சாங்க. என் மாமியார் வேலூர்க்காரங்க. கல்யாணம் ஆகி வந்தப்ப சாமி இல்லை, பேரன் பொறந்தப்ப சாமி இருந்துச்சும்பாங்க.

கோட்டைக்குள்ள போக டிக்கெட் கிடையாது. கருங்கல் மதில், சுத்தி அகழி, அகழியில தண்ணி. கோயிலுக்குள்ள கல்யாண மண்டபத்தைத் தேடிப் போ. தூண்ல யாளியும் குதிரையும் முன்னங்காலைத் தூக்கி நிக்கிறதை எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. நீ தலையை நிமிர்த்தி விதானத்தைப் பாரு. நடுவுல தாமரை, அதைச் சுத்தி கிளிங்க தலைகீழாத் தொங்கிக்கிட்டிருக்கும். எல்லாம் கல்லு. கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்துட்டு, அப்புறம் உட்கார்ந்து கழுத்தைப் பிடிச்சுவிட்டுக்கோ. நான் அப்படித்தான் செஞ்சேன்.

1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்ங்க எழுந்தது இந்தக் கோட்டையிலதான். 1857-க்கு 51 வருஷம் முந்தி. நெத்தியில திருநீறு, நாமம் கூடாது, தாடி கூடாது, தோல் வெச்ச புதுத் தலைப்பாகை போடணும்னு உத்தரவு. திப்புவோட பிள்ளைங்களும் அப்போ இதே கோட்டையில காவல்ல இருந்தாங்க. செய்தி ஆற்காட்டுக்குப் போய், அங்கேர்ந்து கில்லெஸ்பிங்கிற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோட அன்னிக்குக் காலையிலேயே வந்து அடக்கிட்டான். நூத்துக்கணக்குல செத்தாங்க. நீ ஆற்காட்டுலேர்ந்து பஸ்ல வேலூர் போனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தக் குதிரைங்களை நினைச்சுப் பாரு. கோட்டைக்கு எதிர்ல மக்கான் சந்திப்புல நினைவுத் தூண் இருக்கு.

இன்னொரு ராஜாவும் இங்க கைதியா இருந்தார்: கண்டியோட கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சம். 1815-ல பிடிச்சாங்க, 1832-ல வேலூர்லயே செத்துப் போனார். பாலாத்தங்கரையில அவருக்கு முத்து மண்டபம் இருக்கு. நான் போனப்ப அங்க நானும் ஒரு ஆட்டுக்குட்டியும்தான்.

வெள்ளிக்கிழமை மட்டும் போகாதே. கோட்டைக்குள்ள இருக்கிற மியூசியம் அன்னிக்கு லீவு. நான் ஆடி வெள்ளி, கோயிலுக்கும் ஆச்சுன்னு கிளம்பிப் போய், பூட்டைப் பார்த்துட்டு வந்தேன்.

எனக்கு 71 வயது. முட்டி ஒத்துழைப்பதில்லை. மலையேறாமல், கூட்டத்தில் இடிபடாமல், ஒரே நாளில் போய்வர ஒரு சரித்திர ஊர் சொல்லுங்கள்.
– வாசகர், திருவொற்றியூர்

ஐயா, உங்க ஊர் கோயிலே ராஜேந்திர சோழன் காலத்துல கல்லால எடுத்துக் கட்டினது. கட்டின தச்சன் பேர்கூட கல்வெட்டுல இருக்கு, வீரசோழத் தச்சன். அதை நீங்க தினமும் பார்த்திருப்பீங்க. அதனால உங்களை வெளியூருக்கே அனுப்பறேன்: தக்கோலம்.

அரக்கோணத்துலேர்ந்து செங்கல்பட்டு போற பாதையில ஸ்டேஷன். அங்கேர்ந்து ஆட்டோ. ஜலநாதீஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடின திருவூறல். பெரிய படிக்கட்டு வேலை இல்லை, நிழல் உண்டு.

949-ல இந்த ஊர் வெளியிலதான் ராஷ்டிரகூட மூணாம் கிருஷ்ணனோட படைக்கும் சோழர் படைக்கும் சண்டை. முதலாம் பராந்தகனோட மூத்த மகன் ராஜாதித்தன் யானை மேல உட்கார்ந்தபடியே அம்பு பட்டுச் செத்தான். 'யானைமேல் துஞ்சிய தேவர்'னு கல்வெட்டுல எழுதி வெச்சாங்க. செத்தார்னு எழுத மனசு வரலை, தூங்கினார்னு எழுதியிருக்காங்க பாருங்க. சண்டை நடந்த இடம்னு காட்ட அங்க ஒண்ணும் கிடையாது. வயல்தான்.

அந்த ராஜாதித்தன் வெட்டி, அப்பா பேரை வெச்ச ஏரிதான் வீரநாராயணன் ஏரின்னு சொல்வாங்க. நம்ம வாயில வீராணம் ஆயிடுச்சு. 2004-லேர்ந்து குழாய்ல மெட்ராஸுக்குத் தண்ணி வருதே, அதே வீராணம். போறப்ப ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போங்க, அங்க கடை குறைவு.

செஞ்சிக்கோட்டை போகலாமா? யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டதாமே?
– ஆட்டோ ஓட்டுநர், கொருக்குப்பேட்டை

வந்துடுச்சு. 2025 ஜூலையில, மராட்டியர் கோட்டைங்க 12-ஐச் சேர்த்தாங்க. அதுல தமிழ்நாட்டுல இருக்கிறது செஞ்சி ஒண்ணுதான். இனிமே கூட்டம் வரும், அதனால சீக்கிரம் போங்க. திண்டிவனத்துலேர்ந்து பஸ். கோட்டையோட ராஜகிரி மலை ஏற நினைச்சா காலையிலேயே ஏறிடணும், வெயில் ஏறினா கல்லு கொதிக்கும். தண்ணி ரெண்டு லிட்டர். குரங்கு கிட்ட பையைக் காட்டாதீங்க.

தேசிங்கு ராஜா 1714-ல ஆற்காட்டு நவாப் படையோட மோதிச் செத்தார். அவரோட ராணி தீயில இறங்கினா. அவ ஞாபகமாத்தான் ராணிப்பேட்டைன்னு பேர் வெச்சாங்கன்னு சொல்வாங்க. காசிமேட்டுத் தங்கச்சி பஸ்ல தாண்டிப் போகப்போற அதே ராணிப்பேட்டைதான்.

வேலூரில் ஒரு ராத்திரி தங்க மலிவாக ரூம் கிடைக்குமா அக்கா?
– வாசகி, எருக்கஞ்சேரி

கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கு வர்ற குடும்பங்களுக்காகவே தெருவுக்குத் தெரு லாட்ஜ். வங்காளத்துலேர்ந்து அவ்வளவு பேர் வர்றதால வங்காள எழுத்துல போர்டு, மீன் குழம்பு மெஸ் எல்லாம் உண்டு. நம்மளை மாதிரி மீன் சாப்பிட்டு வளர்ந்தவங்களுக்குச் சௌகரியம்.

ஒரு தடவை ரூமைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுத்துட்டேன். ராத்திரி பூரா மூட்டைப்பூச்சி. லைட்டைப் போட்டுக்கிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அதுலேர்ந்து முதல்ல மெத்தையோட மூலையைத் தூக்கிப் பார்ப்பேன், அப்புறம்தான் காசு. பக்கத்து ரூம்ல நாளைக்கு ஆபரேஷன்னு ஒருத்தர் படுத்திருக்கலாம், சத்தம் போடாம இருங்க.

வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளியூரையே சொல்கிறீர்களே, நம்ம ஏரியாவில் பழசு ஒன்றும் இல்லையா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

கோவிச்சுக்காதீங்க. ராயபுரம் ஸ்டேஷன் போய்ப் பாருங்க. பம்பாய்லயும் ஹவுராவுலயும் முதல்ல கட்டின ஸ்டேஷன் இப்ப நிக்கலை. நாட்டுலயே இன்னும் நிக்கிற ஸ்டேஷன் கட்டடங்கள்ல மூத்தது இதுதான். 1873-ல சென்ட்ரல் வந்தப்புறம் இதோட மவுசு போச்சு. உசரமான தூணுங்க வரிசையா இருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனா நடைமேடையில ரெண்டு பேர்கூட இருக்க மாட்டாங்க. பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துட்டுப் போங்க, நான் இருந்த இடம்னு சொல்லி யாரும் சும்மா விட மாட்டாங்க.