அங்கன்வாடிப் பயிற்சிக்குத் திட்டம் போடும் அலுவலருக்குக் களப் பயிற்றுநர் எப்படிக் கைகொடுக்கலாம்?

"சென்டர் சென்டராகப் போய் டீச்சர்களோடு உட்காரும் பயிற்றுநர்கள் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறார்கள். வருடாந்திரப் பயிற்சியில் வகுப்பெடுக்கச் சொல்வது தவிர, அவர்களால் எனக்கு வேறென்ன உதவி?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருவாரூர்ப் பக்கம் நான் செய்வது அந்த வேலைதான்.

வகுப்பெடுப்பது கடைசி வேலை. தலைப்பு முடிவாகும் முன்பே எங்களைக் கூப்பிடுங்கள். வழக்கமாக மாடியூல், அதாவது பயிற்சிப் பாடம் வரும், தேதி வரும், மண்டபம் பிடிப்பார்கள், டீ பிஸ்கட்டுக்குச் சொல்வார்கள், அப்புறம்தான் எங்களுக்கு போன் வரும். எங்கள் நோட்டில் இருப்பதை அப்போது யார் கேட்பது?

நோட்டில் அப்படி என்ன இருக்கும்? கதை நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கதை சரியாக நடப்பதில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் உடனே கதை சொல்லும் பயிற்சி போடுவார்கள். போய் உட்கார்ந்து பார்த்தால் டீச்சர் அருமையாகக் கதை சொல்கிறார். ஆனால் போஷன் டிராக்கர் என்ற செல்போன் ஆப்பில் பதிவு, எடை பார்ப்பது, கர்ப்பிணிக்குச் சத்துமாவு கொடுப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான் வந்து விழுகின்றன. இது பயிற்சியால் தீராது, வேலை நேரத்தை மாற்றினால் தீரும். எது எதனால் தீரும் என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியும்.

சிக்கல் பெயரில் வரும். "எந்த சென்டர்மா அது?" என்று நீங்கள் கேட்பீர்கள். எத்தனை சென்டரில் பார்த்தேன் என்று சொல்வேன், எவை என்று சொல்ல மாட்டேன். ஒரு பெயர் வெளியே போனால் அடுத்த விசிட்டில் எனக்கு நாடகம்தான் காட்டுவார்கள். பிள்ளைகளை அடிப்பது, பாதுகாப்புக் குறை போன்றவை மட்டும் விதிவிலக்கு, அவற்றை அன்றே சொல்லிவிடுவேன். இந்த ஏற்பாட்டை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகளுக்கு நடக்கும் ஹெட் ஸ்டார்ட் திட்டத்துக்கான 2016 விதிகளில்கூட, மதிப்பீட்டில் குறை தெரிந்த பணியாளருக்குத் திருந்த நேரமும் உதவியும் தராமல் அதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது. நம் ஊரில் மெமோ பயம் தெரிந்ததுதானே!

அடுத்தது தேதி. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, தையில் அறுவடை. இயந்திர நடவு வந்துவிட்டாலும் களையெடுக்கப் பெண்கள்தான், பிள்ளைகளை சென்டரில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வாரங்களில் டீச்சரைப் பயிற்சிக்கு இழுத்தால் அத்தனை பிள்ளைகளையும் ஆயா ஒருவரே பார்க்க வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் பிந்தித்தான் போகும், அதனால் நீடாமங்கலத்துக்கு ஒத்த தேதி கடைமடையில் இருக்கும் தலைஞாயிறுக்கு ஒத்துவராது. எந்த ஊரில் எப்போது களை என்பது விசிட் போகிறவருக்குத் தெரியும்.

பயிற்சி முடிந்த பிறகும் எங்களுக்கு நாள் ஒதுக்குங்கள். மண்டபத்தில் கேட்டது மட்டும் வகுப்பறைக்கு அதிகம் போய்ச் சேராது, பக்கத்தில் இருந்து பழக்கினால்தான் சேரும் என்று ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதினார்கள். பயிற்சி நாள் ஒன்றைக் குறைத்து, அந்தச் செலவில் விசிட்டைக் கூட்டினாலும் நஷ்டமில்லை என்பேன்.

இந்த வருடமே தொடங்குவதென்றால், அடுத்த செக்டார் மீட்டிங்குக்கு (ஒரு சூப்பர்வைசரின் கீழுள்ள சென்டர்களின் கூட்டம்) முன் பயிற்றுநர்களையும் சூப்பர்வைசர்களையும் அரை நாள் சேர்ந்து உட்கார வையுங்கள். மாடியூல் பட்டியலை மட்டும் அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள்.