சேமிப்பின் முதலில் கை வைக்கலாமா? ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரின் கேள்வி

கேள்வி: எனக்கு வயது 68. அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து 2016-இல் ஓய்வு பெற்றேன். மனைவிக்கு 63 வயது. தஞ்சாவூரில் சொந்த வீடு. ஓய்வூதியம் மாதம் 43,000 ரூபாய் வருகிறது. செலவு 32,000 ரூபாய்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சமும் வங்கி வைப்பில் 34 லட்சமும் இருக்கின்றன. காசிக்குப் போக வேண்டும், குளியலறையைச் சீர்செய்ய வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார். "முதலில் கை வைக்காதே" என்று சொல்லி வளர்க்கப்பட்ட எனக்கு மனம் வரவில்லை. செலவழிப்பதா, பிள்ளைகள் இருவருக்கும் விட்டுவைப்பதா?

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய கணக்கை இரண்டு முறை படித்தேன். முதலில் கை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் இதுவரை வட்டியிலேயே கை வைத்ததில்லை. சேமிப்புத் திட்டத்தின் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் கணக்கில் விழுகிறது, அதை அப்படியே தொடர் வைப்பில் போடுகிறீர்கள். வங்கி ரசீதுகளை முதிர்வடையும்போதெல்லாம் வட்டியோடு சேர்த்துப் புதுப்பிக்கிறீர்கள். ஓய்வூதியத்திலும் மாதம் 11,000 ரூபாய் மிச்சம். உங்கள் வீட்டில் பணம் ஒரு திசையில் மட்டுமே நடக்கிறது.

முதலைத் தொடக் கூடாது என்ற விதி, ஓய்வூதியம் இல்லாமல் வட்டியை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களின் விதி. அவர்களுக்கும் அது முழுப் பாதுகாப்புத் தரவில்லை என்பதுதான் உண்மை. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் இன்று 32,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் 64,000 தேவைப்படும். முதலைத் தொடாமல் வட்டி முழுவதையும் செலவழித்தவரின் வருமானமோ அதே இடத்தில் நின்றிருக்கும். ஆகவே தனியார் நிறுவனத்தில் ஓய்வு பெற்ற உங்கள் நண்பர் யாராவது இதே 64 லட்சத்தோடு என்னிடம் வந்தால், வட்டியிலும் ஒரு பகுதியைத் திரும்பச் சேமிக்கத்தான் சொல்வேன்.

உங்கள் நிலை வேறு. விலைவாசி ஏறும்போது அகவிலைப்படியும் ஏறுகிறது. ஓய்வு பெற்றபோது நீங்கள் முன்கூட்டியே மொத்தத் தொகையாகத் தொகுத்துப் பெற்றுக்கொண்ட மூன்றில் ஒரு பங்கு ஓய்வூதியம், பதினைந்து ஆண்டு முடிந்து 2031-இல் மாத ஓய்வூதியத்தில் மீண்டும் சேர்க்கப்படும். உங்கள் கணக்கின்படி அது மட்டும் மாதம் 11,000 ரூபாய்க்குக் குறையாது. எண்பது வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமாகக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடும் அதற்கான அகவிலைப்படியும் வரும். இன்றைய நிலவரத்தில் அது 30,000 ரூபாய்க்குச் சற்று மேல் இருக்கும், ஒருவர் குடும்பம் நடத்த அது போதும்.

அப்படியானால் சேமிப்பு எதற்கு? முதுமையில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு. ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவுக்குத்தான் கை கொடுக்கும். வீட்டோடு தங்கும் உதவியாளுக்கும், பிசியோதெரபிக்கும், மாதக்கணக்கில் வாங்கும் டயப்பருக்கும் பணம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். வங்கியிலுள்ள 34 லட்சத்தை இதற்கென்றே ஒதுக்கி, இப்போது செய்வதைப் போலவே வட்டியோடு வளர விடுங்கள். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

மற்ற 30 லட்சத்தின் வட்டி, நீங்கள் 2023-இல் போட்ட 8.2 விழுக்காட்டில், காலாண்டுக்கு 61,500 ரூபாய், ஆண்டுக்கு 2,46,000. இதை முழுவதும் செலவழியுங்கள். வருமான வரியை நினைத்தும் தயங்க வேண்டியதில்லை; ஓய்வூதியமும் எல்லா வட்டியும் சேர்ந்தாலும் உங்கள் வருமானம் ஆண்டுக்குப் பத்து லட்சத்தை ஒட்டித்தான் வருகிறது, புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை. பத்து ஆண்டு கழித்து இதே பணம் இருக்கும், காசியில் படித்துறைப் படிகளில் ஏறி இறங்கும் முழங்கால் இருக்குமா என்பதுதான் சந்தேகம்.

குளியலறையை முதலில் செய்யுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், நல்ல வசதியுள்ளவர், வழுக்கும் தரையை மாற்றவும் சுவரில் கைப்பிடி பொருத்தவும் கொத்தனார் கேட்ட கூலி அதிகம் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். அவர் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகு, அந்தக் கூலியைப் போலப் பல மடங்கு ஒரே மாதத்தில் போயிற்று. அவர் அதைச் சொன்னபோது ரசீதுகளைக் கையில் அடுக்கிக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, பேத்தியின் கல்லூரிக் கட்டணம் போன்ற தேவைகளுக்கு இந்த 2,46,000-க்குள் அடங்குகிற அளவில் இப்போதே கொடுங்கள். கொடுத்ததைக் கண்ணால் பார்க்கவும் முடியும். வீட்டை மட்டும் இப்போதே பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிவிடாதீர்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை மீட்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி தருகிறது என்றாலும், பெற்ற பிள்ளைக்கு எதிராக வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறும் நிலை யாருக்கும் வர வேண்டாம். இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதினால் போதும்; பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. நியமனதாரர் (நாமினி) பெயர் கொடுத்திருப்பதால் பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது என்பதால், வங்கி வைப்புகளையும் அந்த உயிலில் குறிப்பிடுங்கள்.

அடுத்த காலாண்டு வட்டி வந்ததும் தொடர் வைப்புக்குப் போகும் தொகையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கன்னியாகுமரியிலிருந்து பனாரஸ் (காசி) செல்லும் வாராந்திர ரயில் தஞ்சாவூர் வழியாகவே போகிறது. முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020-இல் நிறுத்தப்பட்டது, அது திரும்ப வரட்டும் என்று காத்திருக்காமல் கீழ்ப்படுக்கை இரண்டைப் பதிவு செய்துவிடுங்கள்.