மாத வாடகை 10,000, மாதத் தவணை 25,000: எது மேல்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் 10,000 ரூபாய் வாடகையில் ஃபிளாட்டில் குடியிருக்கிறோம். அதே தெருவில் 12 ஆண்டுப் பழைய ஃபிளாட் ஒன்று 36 லட்சத்துக்கு வருகிறது. இன்னும் நான்கு ஆண்டில் எனக்கு வெளியூர் மாறுதல் வரும். "வாடகைப் பணம் வீண்தானே, வாங்கிப் போடுங்கள்" என்கிறார் மாமனார். வாங்கலாமா?

பதில்: மாறுதல் உறுதி என்றால் வேண்டாம். வங்கி 80 சதவீதம், அதாவது 28.80 லட்சம் கடன் தருவதாக வைத்துக்கொள்வோம். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் தவணை ஏறக்குறைய 25,000. முதல் தவணையில் 20,400 வட்டிக்கே போய்விடும். நான்கு ஆண்டில் 12 லட்சம் கட்டியிருப்பீர்கள்; அசலில் கழிந்திருப்பது 2.6 லட்சம்தான். மீதி 9.4 லட்சம் வங்கிக்குக் கொடுத்த வாடகை என்று மாமனாரிடம் சொல்லுங்கள்.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு 3.24 லட்சம். விற்கும்போது இது திரும்பி வராது. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றினாலும் நான்கு ஆண்டு வாடகை 5.2 லட்சத்துக்குள் முடிந்துவிடும். ஆக, விலை 36, வட்டி 9.4, பதிவுச் செலவு 3.24 லட்சத்தைக் கூட்டி, மிச்சமாகும் வாடகை 5.2 லட்சத்தைக் கழித்தால், ஃபிளாட்டை 43.5 லட்சத்துக்காவது விற்றால்தான் கையைக் கடிக்காது. கையிலிருந்து போடும் 10.44 லட்சத்தின் வட்டி இழப்பையும் மெயின்டனன்ஸையும் சேர்க்காத கணக்கு இது. புதிய வருமான வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் கிடையாது.

மாறுதல் ரத்தாகி, பத்து ஆண்டுக்கு மேல் இங்கேதான் என்றால் யோசிக்கலாம். அப்போதும் பழைய ஃபிளாட்டில் விலை ஏறுவது மண்ணுக்குத்தான், கட்டடத்துக்கு அல்ல. பத்திரத்தில் உங்கள் பங்குக்கு வரும் யுடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பாகம்) எத்தனை சதுர அடி என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் யுடிஎஸ்ஸுக்கு மட்டும் கிரயப் பத்திரம், கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் என்று போட்டார்கள். இரண்டின் அசலும் கைக்கு வர வேண்டும். 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். விற்பவர் அடைத்துவிட்டதாகச் சொல்லும் கடனுக்கு ரசீது ஆவணம் பதிவாகாமல் இருந்தால், உங்கள் வங்கி கடனை நிறுத்திவைக்கும்.

பத்திரத்தில் தெரியாதது கார் பார்க்கிங்கில் தெரியும். அண்ணாந்து பீம்களைப் பாருங்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பினால், பீமின் அடியில் நீளவாக்கில் விரிசல் ஓடும்; பழுப்புக் கறையும் இறங்கும். பூசி மறைத்திருந்தால், காசால் தட்டுங்கள். பொக்கென்று சத்தம் கேட்டால் உள்ளே கான்கிரீட் விட்டுவிட்டது. அதைச் சரிசெய்யும் செலவு அத்தனை வீட்டுக்காரர் தலையிலும் விழும். தரைத்தளத்தில் ஈபி மீட்டர் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் கவனியுங்கள். 2015 மழையிலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டப்படி எவ்வளவு?

பதில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு நீங்களே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது செல்லும். ஆகவே பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடியுங்கள். 11 மாத ஒப்பந்தம்தானே என்று சும்மா இருக்க வேண்டாம்; அதையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். காலி செய்யும்போது தகராறு பெரும்பாலும் அங்கேதான் கிளம்புகிறது. அட்வான்ஸை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாக அனுப்புங்கள். குடிபோகும் அன்றே மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.