விடைக்குறிப்பு இல்லாத தேர்வு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்துவிட்டு, கண்மாய்களைச் சீரமைக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இங்கிலாந்தில் நீர் மேலாண்மை படிக்க ஆசை. போன ஆண்டு பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. என்ன குறை என்று கேட்டதற்கு, தனித்தனியாகக் காரணம் சொல்வதில்லை என்று பதில் வந்தது.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற ஒன்றிய அரசு உதவித்தொகைத் தேர்வில் ஜெயித்தவள் நான். அதன்பிறகு எதிலும் தோற்றதில்லை. இப்போது வேலையிலும் மனம் ஒட்டவில்லை. போன மாதம் ஒரு கண்மாயில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர் மடையைத் திறக்க விடவில்லை. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் முற்றிவிடும் என்று அந்தத் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள், தண்ணீர் குறைந்தால் மீன் செத்துப்போகும் என்று அவர். மூன்று நாள் சாவடியில் உட்கார்ந்து பேசினேன். இந்தப் பஞ்சாயத்துகளுக்கு நடுவில் விண்ணப்பத்தை எப்போது பார்ப்பது?

‘ஒரு தடவை போட்டுப் பாத்தாச்சுல்ல, போதும்’ என்கிறார் அம்மா. வரன் பார்க்கிறார்கள். மறுபடி விண்ணப்பித்தால், ஏற்கெனவே கழித்துக்கட்டிய ஆள் என்று நினைப்பார்களா? பழைய கட்டுரைகளையே திருத்தி அனுப்பலாமா? அவற்றை இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

முதலில் எளிய கேள்வி. மறுபடி போடலாம், தடையில்லை. செவனிங்குக்கு வயது வரம்பும் கிடையாது. 2 ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள், மணிக்கணக்கில் 2800. உங்களிடம் அது தாராளமாக இருக்கிறது. படித்து முடித்ததும் 2 ஆண்டுகளாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அம்மாவிடம் சொல்லுங்கள். மகள் போனால் திரும்ப மாட்டாள் என்ற பயம் கொஞ்சம் குறையலாம். வரன் விஷயத்தில் நான் வாய் திறப்பதாக இல்லை.

என்.எம்.எம்.எஸ். பற்றி எழுதியிருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் எழுதியபோது மாதம் 500 ரூபாய் கொடுத்திருப்பார்கள், 2017இலிருந்துதான் 1000. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. தேர்வு முடிந்ததும் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு எது சரி, எது தப்பு என்று எண்ணிவிடலாம். நாமெல்லாம் இப்படி எண்ணியே வளர்ந்தவர்கள். அதனால்தான் ‘என்ன குறை’ என்று அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறீர்கள். இங்கே விடைக்குறிப்பு என்று ஒன்று இல்லை. அவர்களுடைய மௌனத்தை வைத்து நீங்களாக ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளாதீர்கள். என் கையில் இருப்பது உங்கள் கட்டுரைகள் மட்டும்தான், அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான்கையும் படித்தேன். ஆங்கிலத்தில் குறையில்லை. யாரோ காசு வாங்கிக்கொண்டு இழைத்துக் கொடுத்தது போல வழவழவென்று இருக்கிறது. (கன்சல்டன்சிக்குப் போனீர்களா? போயிருந்தால் கோபமில்லை, இனிப் போகாதீர்கள்.) தலைமைப் பண்பு பற்றிய கட்டுரையில் கல்லூரி என்.எஸ்.எஸ். விழிப்புணர்வுப் பேரணி வருகிறது. தொடர்புகளை வளர்ப்பது பற்றியதில் லிங்க்ட்இன் வருகிறது. எதிர்காலத் திட்டத்தில் உலகத் தண்ணீர்ப் பஞ்சம். கண்மாய் என்ற சொல் நான்கு கட்டுரையிலும் சேர்த்து ஒரே ஒரு முறை, அதுவும் ‘பாரம்பரிய நீர்நிலைகள்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்.

எனக்கு எழுதிய கடிதத்தில், புலம்பலோடு புலம்பலாக, சாவடியில் மூன்று நாள் உட்கார்ந்ததைச் சொல்கிறீர்கள். அம்மா தாயே, தலைமைப் பண்பு என்று அவர்கள் கேட்டது அதைத்தான்! மீன்பாசிக்காரர் ஏலத்தில் பணம் கட்டியவர், அவரை வில்லனாக்க முடியாது. ஆயக்கட்டுக்காரர் கடன் வாங்கி நட்டவர். ஒரு கண்மாய்த் தண்ணீரில் இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது. நடுவில் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி போய் உட்கார்ந்து பேசியிருக்கிறாள், ஊர்ப் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். இதைவிட்டுவிட்டுப் பேரணியை எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? அன்றைக்கு அவர் படிக்கும் பத்தாவது பேரணியாக அது இருந்திருக்கும்.

தொடர்புகள் கட்டுரைக்கும் வேறெங்கும் தேட வேண்டாம். நீர்வளத்துறைப் பொறியாளர், ஊராட்சித் தலைவர், மடை பார்க்கிறவர், 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடச் சொல்லி மனு எழுதும் பெரியவர்கள் என்று உங்கள் கைப்பேசியில் எத்தனை எண்கள் இருக்கும்! எந்தக் காரியத்துக்கு யாரைக் கூப்பிட்டீர்கள், அவர் ஏன் எடுத்தார் என்று எழுதுங்கள். படிப்பைப் பற்றிய கட்டுரையில், அந்தச் சண்டையைத் தீர்க்க உங்களுக்கு எது தெரியாமல் இருந்தது என்று சொல்லுங்கள். மடையைத் திறந்தால் மட்டம் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப்போட்டுக் காட்ட முடிந்திருந்தால் மூன்று நாள் ஒரு நாளாகியிருக்குமா? அந்தக் கணக்கைச் சொல்லித்தரும் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது? கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே திருத்த வேண்டாம். பழையதை மூடிவைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். நான் இதைத் தப்பாகச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். 1990களில் ஒரு ஆய்வு நல்கைக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. மறு ஆண்டு தேதியை மாற்றி, இரண்டு பத்தியை முன்பின்னாக்கி, அதையே மறுபடி தட்டச்சு செய்து அனுப்பினேன். மறுபடி கிடைக்கவில்லை. கொடுக்கத் தெரியாதவர்கள் என்று டீக்கடையில் திட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது முறை போடவில்லை. பல வருடம் கழித்து டிரங்குப் பெட்டியில் அந்த நகல் கிடைத்தது. படித்துப் பார்த்தேன். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

பரிந்துரைக் கடிதம். செவனிங்கில் நேர்முகத்துக்குத் தேர்வான பிறகுதான் கேட்பார்கள் என்பதால் உங்களுக்குக் கிடைக்காததற்கு அது காரணமல்ல. ஆனாலும் இப்போதே ஆளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் கல்லூரிகளில் ‘நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்’ என்பார்கள். என் பேராசிரியரும் சொன்னார், நானும் பெருமையாக எழுதிக்கொண்டு போனேன். கட்டுரையும் கடிதமும் ஒரே குரலில் பேசினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். உங்களோடு கண்மாய்க் கரையில் நடந்த மேலதிகாரி யாராவது இருந்தால் அவரே உட்கார்ந்து எழுதட்டும். இலக்கணம் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள். காமன்வெல்த் ஷேர்ட் உதவித்தொகை சொந்தக் காசில் போக முடியாதவர்களுக்கானது. எராஸ்மஸ் முண்டஸில் ஒரே படிப்பை ஐரோப்பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கலாம். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 125 பேருக்கு. பட்டியல் சாதியினருக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சீர்மரபினர், நிலமில்லாத விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. உங்களுக்குப் பொருந்துமென்றால் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸுக்கு இன்றே நடக்கத் தொடங்குங்கள், அது தனிக் கதை. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும், தேதியைப் பாருங்கள்.

மீன்பாசிக் கதையை முழுதாக எழுதி எனக்கு அனுப்புங்கள். முதலில் தமிழில், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே. ஆங்கிலத்துக்குப் பிறகு கொண்டுபோகலாம். மூன்று நாள் பேசினேன் என்று எழுதிவிட்டு அப்படியே அம்மாவிடம் போய்விட்டீர்கள். கடைசியில் மடையைத் திறந்தார்களா இல்லையா?