கம்புக்கு முன்னால் நின்றுவிடும் பிள்ளைகள்: மனக்காட்சிப் பயிற்சி பற்றிக் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: பள்ளி உடற்கல்வி ஆசிரியர்

சார், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயரம் தாண்ட ஓடி வந்து, கம்புக்கு முன்னால் நின்றுவிடுகிறாள். "தாண்டுற மாதிரி நினைச்சுப் பாரு" என்றால் சிரிக்கிறாள். என்ன செய்யலாம்?

மொட்டையாக "நினைச்சுப் பாரு" என்றால் எதை நினைப்பாள், பாவம்! முதலில் கம்பை அவள் சுலபமாகத் தாண்டும் உயரத்துக்கு இறக்குங்கள். தாண்டியதும், சூடு ஆறுவதற்குள், ஓட்டம் தொடங்கும் இடத்தில் நிறுத்திக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இப்போது செய்ததையே மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். கடைசி மூன்று அடியின் வேகம், தரையை உதைக்கும் கால், மணலில் இறங்கும் பாதம் எல்லாம் வர வேண்டும். அப்புறம் கம்பைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மனதில் ஒருமுறை, உடனே நிஜத்தில் ஒருமுறை.

ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். மனதில் ஓடத் தொடங்கும்போது கையைத் தூக்கி, மணலில் இறங்கியதும் கீழே விடட்டும். நிஜத்தில் நாலு விநாடி ஆவது மனதில் ஒரே விநாடியில் முடிந்தால், எதையோ தாவிப் போகிறாள். பெரும்பாலும் அது பயப்படுகிற இடமாகத்தான் இருக்கும். அந்தத் துண்டை மட்டும் தனியாகப் பழக்குங்கள். 2001இல் விளையாட்டு உளவியல் ஆய்வாளர்கள் ஹோம்ஸும் காலின்ஸும் முன்வைத்த 'பெட்லெப்' என்ற மனக்காட்சிப் பயிற்சி முறையின் சாரமும் இதுதான்: அதே இடம், அதே உடை, அதே நேரம், அதே படபடப்பு.

டிவியில் பார்ப்பது போலப் பார்க்க வேண்டுமா, சொந்தக் கண்ணாலா?

இரண்டும் உதவும். உடல் வளைவு சரிபார்க்க வெளியிலிருந்து, பயம் தெளிய உள்ளிருந்து. இதில் ரொம்பக் குழம்ப வேண்டாம்.

தோற்பதையும் கற்பனை செய்யலாமா?

சமாளிப்பது வரை போனால் செய்யலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 200 மீட்டர் பட்டர்ஃபிளை போட்டியில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கை வீச்சுகளை எண்ணியே நீந்தி, உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். இடைஞ்சல்களையும் முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். கம்பு தட்டி விழுவதோடு படத்தை நிறுத்தினால் பயம்தான் மனப்பாடமாகும். புதிதாகக் கற்பவர்களுக்குத் தோல்வியைக் கற்பனை செய்வது வேண்டவே வேண்டாம்.

மழைக்காலத்தில் மைதானம் சேறு. வகுப்பறையில் இது மட்டும் போதுமா?

போதாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து டிரிஸ்கெல் குழுவினர் 1994இல் சொன்னது: சும்மா இருப்பதைவிட மேல், நிஜப் பயிற்சியைவிடக் குறைவு. ஆனாலும் பி.டி. பீரியடைக் கேட்டு வரும் கணக்கு சாருக்குக் கொடுப்பதைவிட நல்லது!

என் மகன் குண்டு எறிகிறான். கண்ணை மூடினால் ஒன்றுமே தெரியவில்லை என்கிறான். குறையா?

குறையில்லை. சிலருக்கு மனதில் படம் வருவதே இல்லை. நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜெமன் குழு 2015இல் இதற்கு 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தது. உங்கள் பையனுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபடியே, குண்டில்லாமல், வட்டத்துக்குள் மெதுவாக அசைந்து பார்க்கட்டும். கழுத்தோடு ஒட்டிய இரும்பின் குளிர்ச்சி, உள்ளங்கையில் கனம் நினைவுக்கு வந்தாலே போதும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் "உனக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்க வேண்டாம் என அவன் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள்.